நெற்றிப்பொட்டு நரம்பு

தேசம்மா குழந்தையின் இரண்டு கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை உதறவில்லை, அழவில்லை. கண் பாதி திறந்தபடி நிலைகுத்தியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. உச்சிக்குழி சின்னக் கிண்ணம் மாதிரி உள்ளே போயிருந்தது.

கைசர் ஜஹான் குழந்தையின் வலது காதுக்கு மேலே சோப்பு நுரையைத் தடவி, பிளேடால் முடியை வழித்தாள். ரப்பர் வளையத்தை நெற்றியைச் சுற்றி மாட்டினாள். பிறகு குனிந்து, ஆள்காட்டி விரலால், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நெற்றிப்பொட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர் இது, வவுத்தால போவுற பிள்ளைக்குத் தலையில குத்தப் போறீங்க? கையில குத்துங்க சிஸ்டர்" என்றாள் தேசம்மா. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவள். புடவையில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. காலையில் கூடையை மந்தைவெளி மார்க்கெட்டில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

"ஒடம்புல தண்ணி வத்திப்போச்சும்மா. கையில நரம்பே தெரியல. தலையில மட்டும் கொஞ்சம் தெரியும். பேசாம புடிச்சுக்க."

இரண்டு பக்கமும் சிறகு வைத்த மெல்லிய ஊசி அது. கைசர் அதன் சிறகுகளை விரல் நுனியில் சேர்த்துப் பிடித்து, தோலுக்கு அடியில் சாய்வாகச் செலுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை நெல் முனை அளவுக்கு முன்னே நகர்த்தினாள். குழாயில் ஒரு சிவப்புப் புழு மாதிரி ரத்தம் ஏறியது. உடனே சலைன் குழாயை இணைத்து, ரப்பர் வளையத்தைக் கத்தரித்து, சிறகுகளின் மேல் பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டினாள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பையை அணைத்து வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் டாக்டர் ஸ்ரீரங்கன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பேஷ்" என்றார். "என்னால இவ்வளவு சுருக்கப் போட முடியாது கைசர். நெஜமாத்தான் சொல்றேன்."

மத்தியானத்துக்கு மேல் குழந்தை கண்ணைச் சுழற்றிப் பார்த்து, மெல்லிய குரலில் சிணுங்கியது. தேசம்மா கைசரின் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மீன் வாடை அடித்த அந்தக் கைக்குள்ளிருந்து கைசர் தன் கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் அவள் கையைப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அது மந்தைவெளியில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய குழந்தைகள் ஆஸ்பத்திரி. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் கடை வைத்திருந்த பெரியவர்கள் கமிட்டியில் இருந்தார்கள். ஸ்ரீரங்கன் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அங்கே குழந்தைகளின் அவசர சிகிச்சைக்கென்றே தனி அறை இருந்ததாம். இங்கே வாந்திபேதியோடு வரும் குழந்தைகளில் பலவும் வந்த முதல் மணி நேரத்திலேயே போய்விடுவதையும், அந்த நேரம் பெரும்பாலும் டாக்டரைத் தேடுவதிலும் நரம்பைத் தேடுவதிலும் கழிவதையும் பார்த்தார். நர்சுகளுக்கே பயிற்சி கொடுத்தால் எத்தனை குழந்தைகள் பிழைக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கமிட்டி ஒப்புக்கொண்டது. வராந்தாவின் கோடியில் ஓர் அறை கிடைத்தது.

மூன்று நர்சுகள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். மைதா மாவைப் பிசைந்து, அதற்குள் சைக்கிள் வால்வு ட்யூபைப் பதித்து, ட்யூபில் சிவப்பு மை கலந்த தண்ணீரை நிரப்பி, மேலே ஈரத்துணியைப் போர்த்திக் கொடுப்பார் ஸ்ரீரங்கன். துணிக்கு அடியில் ட்யூப் எங்கே ஓடுகிறது என்று விரலால் கண்டுபிடித்துக் குத்த வேண்டும். ஒருத்தி கல்யாணமாகி மதுரைக்குப் போனாள். இன்னொருத்திக்குப் பொறுமை இல்லை. கைசர் மட்டும் நின்றாள். மாவு உருண்டையைத் துணியில் சுற்றித் திருவல்லிக்கேணிக்கு எடுத்துப்போய், தன் அறையில் உட்கார்ந்து குத்திப் பழகினாள்.

வாலாஜா பள்ளிவாசலுக்குப் பின்னால், அஸ்மத்துன்னிசா என்ற விதவையின் வீட்டு மாடியில் அவள் குடியிருந்தாள். அம்மா இறந்தபின் அந்த அறையில் பேச்சு நின்றுபோயிற்று. தம்பி கரீமுல்லா பம்பாயில் இருந்தான். ரம்ஜானுக்கு ஒரு கார்டு போடுவான். ஒரு சமயம் அவளுக்கு வேலூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வேலையை விட வேண்டும் என்றார்கள். அப்போது அம்மா படுக்கையில் கிடந்தாள். கைசர் வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

"மாவைப் பிசைஞ்சுட்டு ரொட்டி போடாம அதுல ஊசி குத்துற பொம்பளைய நான் எங்கயும் பாத்ததில்ல" என்று அஸ்மத்துன்னிசா சிரிப்பாள். அவளுக்கும் பேச ஆள் கிடையாது. ஆனால் மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்காது.

அவசர அறை கிடைத்த முதல் கோடையிலேயே ஆராய்ச்சியின் பலன் தெரிந்துவிட்டது. நொச்சிக்குப்பம், சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசைகள், பட்டினப்பாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சில குழந்தைகள் இறந்தன. தாய்மார்கள் வராந்தாவில் உட்கார்ந்து மாரடித்து அழுதுவிட்டு, துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எவரும் எதையும் விசாரிக்கவில்லை. பிழைத்தவைதான் அதிகம்.

"அடுத்த வருஷம் எல்லா ஆஸ்பத்திரிலேர்ந்தும் நர்சுகளை அனுப்பச் சொல்லப் போறேன். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார் ஸ்ரீரங்கன் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ. நான் பக்கத்துல இல்லேன்னா எனக்காகக் காத்துண்டு நிக்காதீங்கோ. குழந்தைதான் முக்கியம்."

கைசர் அன்று பஸ்ஸில் ஏறாமல் கடற்கரை ஓரமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். சொல்லிக் கொடுப்பது. அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த கோடையில் ஏரிகள் வற்றின. தெருவுக்குத் தெரு தண்ணீர் லாரி வந்தது. குழாயில் மஞ்சளாகச் சொட்டியது. தியாகராய நகரிலும் குழந்தைகளுக்கு வாந்திபேதி வந்தது.

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் ஓர் அம்பாசடர் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கணேசமூர்த்தி, மகனைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்கினார். பின்னால் அவர் மனைவி சண்முகவடிவு செருப்பில்லாமல் ஓடிவந்தாள். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. சில நாளாகவே பேதி. பக்கத்துத் தெரு டாக்டர் பேதியை நிறுத்த மருந்து கொடுத்திருந்தார். பேதி நின்றது. வயிறு கல் மாதிரி வீங்கிக்கொண்டது. குழந்தையின் கை கால்கள் சில்லிட்டு, நகம் நீலம் பாய்ந்திருந்தது.

ஸ்ரீரங்கன் யுனிவர்சிட்டி மண்டபத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவசர சிகிச்சையைப் பற்றித்தான் பேச்சு. டியூட்டி டாக்டர் பெரிய வார்டில் வலிப்பு வந்த ஒரு குழந்தையோடு இருந்தார். கைசர் ஆள் அனுப்பினாள். "இதை விட்டுட்டு வர முடியாது, பத்து நிமிஷம்" என்று பதில் வந்தது.

"டாக்டர் எங்கம்மா? டாக்டரைக் கூப்பிடுங்க" என்று கணேசமூர்த்தி கத்தினார். "எத்தன ஆனாலும் பரவால்ல, பெரிய டாக்டரக் கூப்பிடுங்க."

"சொல்லி அனுப்பிருக்கேன். வந்துருவாங்க. அதுக்குள்ள நான் தண்ணி ஏத்துறேன். பிள்ளைய இப்படிப் படுக்க வைங்க."

நெற்றிப்பொட்டில் நரம்பே இல்லை. காதுக்குப் பின்னால் தேடினாள். அங்கும் இல்லை. தலையின் பாதி முடியை வழித்த பிறகு, உச்சிக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. முதல் குத்தில் தவறியது. இரண்டாவதில் ரத்தம் வந்தது. சலைன் இறங்கத் தொடங்கியது. சண்முகவடிவு கீழே விழுந்திருந்த முடிக்கற்றையை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "முடி எடுக்கலிங்களே இன்னும். திருச்செந்தூர்ல எடுக்கணும்னு வேண்டியிருக்கோம்" என்றாள் யாரிடமோ சொல்வது போல.

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். தலையாட்டினார். "சரியாத்தான் ஏறுது" என்றார். வேறு மருந்தும் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு உயிர் போக அதிக நேரமாகவில்லை.

கணேசமூர்த்தி அழவில்லை. பிள்ளையின் வழித்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஊசி தவறிய இடம் ஒரு சின்ன நீலப் பொட்டாகத் தெரிந்தது.

"ஒரு நர்சம்மா குத்துறதுக்கா எம்புள்ளயக் கொண்டாந்தேன்?" என்றார்.

விசாரணை கமிட்டி அறையில் நடந்தது. நீளமான மேஜை. சுவரில் ஸ்தாபகரின் படம். காரியதரிசி, பெரிய டாக்டர், கமிட்டியில் மூன்று பேர். கணேசமூர்த்தி வரவில்லை, அவருடைய மைத்துனர் கமிட்டியிலேயே இருந்தார். கைசரை உட்காரச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"குழந்தை வரும்போதே கைமீறிப் போயிருந்தது" என்றார் அவர். "யார் ஊசி போட்டிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. இதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

"அது இருக்கட்டும் டாக்டர்" என்றார் காரியதரிசி. "டாக்டர் பக்கத்துல இல்லாதப்ப ஒரு நர்ஸ் குழந்தை தலையில ஊசி குத்தலாம்னு நீங்க அனுமதி குடுத்திருந்தீங்களா? அதைச் சொல்லுங்க. குடுத்திருந்தா உங்க ஆராய்ச்சியையே நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்."

மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயிற்சி குடுத்தேன்" என்றார். "எல்லாம் என் மேற்பார்வையிலதான்."

"அப்ப அனுமதி குடுக்கல."

"தனியாப் பண்ணச் சொல்லி எழுத்துல ஒண்ணும் குடுக்கலை."

காரியதரிசி கைசரைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

ஸ்ரீரங்கன் கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில்லாத அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. 'காத்துண்டு நிக்காதீங்கோ' என்று அவர் சொன்னபோது அறையில் வேறு யாரும் இல்லை.

"குழந்தைக்கு நேரம் இல்ல சார். அதான் போட்டேன்" என்றாள் கைசர்.

வேலையை விட்டு நீக்கவில்லை. இத்தனை வருஷ சர்வீஸுக்காக இரக்கம் காட்டுகிறோம் என்றார்கள். வெளிநோயாளிகள் பகுதியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். இனிமேல் எந்தக் குழந்தையின் மேலும் ஊசி பிடிக்கக் கூடாது; பிடித்தால் வேலை போவதோடு, நர்சுகள் கவுன்சிலுக்கும் எழுதுவோம் என்றார் காரியதரிசி.

இரண்டு நாள் கழித்து மாடிப்படி அருகே ஸ்ரீரங்கன் அவளை நிறுத்தினார்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலை கைசர். நீங்க புரிஞ்சுப்பேள். அன்னிக்கு ஆமான்னு சொல்லியிருந்தா அந்த ரூமையே இழுத்து மூடியிருப்பா. அப்பறம் வர்ற குழந்தைகள் என்ன ஆகும், சொல்லுங்கோ."

"சரி டாக்டர்" என்றாள்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். பிறகு கீழே இறங்கிப் போனார்.

சீட்டு மேஜை வாசலுக்கு நேராக இருந்தது. பெயர், வயது, என்ன உடம்புக்கு. எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடையாது. ஆனால் கைசர் பார்த்தாள். தோளில் சாய்ந்திருக்கும் தலையை, கண்ணின் குழியை, தொங்கும் காலை. பார்த்ததும் "இவங்கள முதல்ல விடுங்க" என்று வரிசையை ஒதுக்கி உள்ளே அனுப்புவாள். அதற்கு மேல் அவளுக்கு வேலை இல்லை. உள்ளே என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொல்வதில்லை. பழைய வார்டு நர்சுகள் அவளோடு சேர்ந்து சாப்பிடுவதை மெல்ல விட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் பயம்.

வீட்டில் அவள் மாவு பிசைவதில்லை. "ஏன் கைசர், சத்தமே இல்ல மேல?" என்று அஸ்மத்துன்னிசா கீழிருந்து கேட்டாள். "தூங்கிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே பள்ளிவாசல் குளத்தில் கால் கழுவுபவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீரங்கனின் ஆராய்ச்சி நல்லபடி முடிந்தது. அதை வைத்து ஒரு பயிற்சித் திட்டத்துக்கும் அனுமதி கிடைத்தது. நர்சுகளுக்கு இல்லை, டாக்டர்களுக்கு. வெளியூர்களிலிருந்து இளம் டாக்டர்கள் வந்து வராந்தாக் கோடியில் புதிதாக வெள்ளையடித்த அறையில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. சைதாப்பேட்டையில் ஆற்று வெள்ளம் குடிசைகளுக்குள் வந்து போயிருந்தது. வரிசையில் நின்ற பச்சையம்மா என்ற சித்தாள் பெண், சீட்டு மேஜைக்கு வந்ததும் பெயர் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை மேஜை மேலேயே கிடத்தினாள்.

"மூச்சு கீதா பாரு சிஸ்டர்" என்றாள்.

கைசர் பேனாவைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். பச்சையம்மா பின்னால் ஓடிவந்தாள். அவசர அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் மாணிக்கவாசகம் மட்டும் இருந்தான். படிப்பை முடித்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். மற்றவர்கள் பாட அறையில் இருந்தார்கள். டியூட்டி நர்ஸ் வேறொரு குழந்தையை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

அவன் குழந்தையின் முழங்கையில் குத்தினான். பிறகு புறங்கையில். பிறகு பாதத்தில். ஒவ்வொரு முறையும் ஊசியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு வேறு இடம் தேடினான். குழந்தை அழவில்லை. கைசர் சுவரோரம் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். சீட்டு மேஜைக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

"தலையில பாருங்க டாக்டர்" என்றாள்.

அவன் திரும்பினான். "தலையிலயா? ஒரு தடவை பார்த்திருக்கேன். போட்டதில்ல." நெற்றியில் வியர்வை வழிந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

பச்சையம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள் கைசர்.

"அப்ப நீங்களே போடுங்களேன், ப்ளீஸ்."

அவன் ஊசியை நீட்டினான். கைசரின் வலது கை தானாக முன்னால் வந்தது. வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கையை மடக்கிக்கொண்டாள்.

"நான் ஊசி பிடிக்கக் கூடாது டாக்டர். ஏன்னு கேக்காதீங்க. நீங்க போடுங்க, நான் சொல்றேன்."

பிளேடு பிடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முடியை வழித்தாள். ரப்பர் வளையத்தை மாட்டினாள். அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, குழந்தையின் நெற்றிப்பொட்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"அமுக்காதீங்க. சும்மா மேல வைங்க. உருளுது பாருங்க, தெரியுதா?"

"தெரியலியே… ஆங், தெரியுது. தெரியுது."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே தோல்ல நுழைங்க. சாய்ச்சு. இன்னும் படுக்க வைங்க ஊசிய. மெல்ல. போதும். இப்ப கொஞ்சம் தள்ளுங்க."

ரத்தம் ஏறியது. மாணிக்கவாசகம் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். குழாயை மாட்டினார்கள். பிளாஸ்திரியைக் கைசர் குறுக்காக ஒட்டினாள். பாட்டிலை மாட்டுவதற்கு அறையில் ஸ்டாண்ட் இல்லை. இருந்தவற்றையெல்லாம் பாட அறைக்கு எடுத்துப்போயிருந்தார்கள். கைசர் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சொட்டுகள் வேகமாக விழுந்தன.

கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது. பச்சையம்மா அதன் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சூடு வருது சிஸ்டர்" என்றாள்.

பாடம் முடிந்து ஸ்ரீரங்கன் இளம் டாக்டர்களோடு உள்ளே வந்தார். நேராகக் குழந்தையிடம் போய் உச்சிக்குழியைத் தொட்டார், நாடி பார்த்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். அது ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தபின் நிமிர்ந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம், கையைத் தூக்கியபடி கைசர் நின்றிருந்தாள்.

"யார் போட்டது?" என்றார்.

"நான்தான் சார், ஆனா இவங்க…" என்று மாணிக்கவாசகம் ஆரம்பித்தான்.

கைசர் அவனைப் பார்த்து வேகமாகத் தலையை அசைத்தாள். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் நிறுத்திக்கொண்டான்.

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமினார். பிறகு அவன் தோளைத் தட்டி, "நன்னாப் போட்டிருக்கேள்" என்றார். கூட வந்தவர்களிடம் திரும்பினார். "பாத்தேளா, சரியாப் பயிற்சி இருந்தா முதல் மணி நேரத்துல என்ன பண்ண முடியும்னு. கிட்ட வந்து பாருங்கோ எல்லாரும்."

அவர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். கைசர் ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம்விட்டாள். பாட்டிலை மட்டும் இறக்கவில்லை. ஒருவன் நோட்டில் படம் வரைந்துகொண்டான். அவன் முழங்கை அவள் விலாவில் இடித்தது. "சாரி" என்றான், திரும்பாமல்.

போகும்போது ஸ்ரீரங்கன் வாசலில் நின்றார். "ஸ்டாண்ட் அனுப்பச் சொல்றேன்" என்றார், அவளைப் பார்த்தும் பார்க்காமலும்.

வராந்தாவில் அவர்களுடைய செருப்புச் சத்தம் ஓய்ந்தது. மாணிக்கவாசகம் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போனான். பாட்டிலில் பாதி இன்னும் இருந்தது.

"கை நோவப் போவுது. நான் புடிச்சுக்கிறேன், குடு சிஸ்டர்" என்றாள் பச்சையம்மா.

"வேணாம். நீ பிள்ளைய அசையாம பாத்துக்க."

ஸ்டாண்ட் வரவில்லை. வாசல் பக்கம் வரிசை நீண்டு, சத்தம் அதிகமாகியிருந்தது. "சீட்டு எழுதுற அம்மா எங்கப்பா? எவ்ளோ நேரமா நின்னுக்கினு கீறோம்!" என்று யாரோ கத்தினார்கள். கைசர் குழாயில் சொட்டு நின்றுவிடாதபடி பார்த்துக்கொண்டே, பாட்டிலைத் தாழ்த்தாமல், மெதுவாக இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.